பல் குச்சியோடு ஓடிய ரைட் அவுட்

வணக்கம், நேயர்களே.

கால்பந்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள், ஆளை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்தில் சொன்னார்கள். பெலேவைப் பற்றியும் மரடோனாவைப் பற்றியும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பல் குத்தும் குச்சி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நூறு வருடங்களுக்கு முன்னால் மான்செஸ்டர் பத்திரிகைகளில் படம் போட்டவர்களுக்கு ஒரு ஆட்டக்காரரை வரைவது ரொம்பச் சுலபம். ஒல்லி உடம்பு, வளைந்த கால், ஒரு மீசை, வாயோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சி. முகம் சரியாக வரவில்லை என்றாலும் பரவாயில்லை, குச்சி இருந்தால் போதும். ஊரே பெயரைச் சொல்லிவிடும்: பில்லி மெரிடித். மைதானத்தில் பந்தோடு ஓடும்போதும் அந்தக் குச்சி வாயிலேயேதான் இருக்கும். கேட்கிற நமக்குத்தான் தொண்டையில் குத்திவிடுமோ என்று பயம்.

குச்சிக்கு ஒரு கதை உண்டு. மெரிடித் சுரங்கத்திலிருந்து வந்தவர். சுரங்கத் தொழிலாளிகளைப் போல அவரும் புகையிலை மென்றார். மென்றால் துப்ப வேண்டும். துப்பினால் ஜெர்சியெல்லாம் கறை. துணி வெளுப்பவர்கள், இந்தக் கறையை எங்களால் போக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் புகையிலை போய்க் குச்சி வந்தது.

சரி, இவர் ஆடிய இடம் எது? அன்றைக்கு ஒரு அணியில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் வலது கோடியில், கோட்டை ஒட்டி நிற்பவர் ரைட் அவுட். நம் ஊர் மைதானங்களில் பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் பள்ளியில் ரைட் அவுட்தான். திறமையால் கிடைத்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே நிறுத்தினாலும் இடைஞ்சல் செய்கிறவனை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தின் சங்கடம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பந்து உங்களிடம் வராது, யாராவது கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆட்டம் முழுக்க நின்று வேடிக்கை பார்க்கலாம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்த விஷயத்துக்கு மறுபடி வருவேன்.

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் பெரிய நட்சத்திரம் யார் என்று கேட்டால் பலர் மெரிடித்தைத்தான் சொல்வார்கள். ஆனால் ஆள் ஆங்கிலேயர் இல்லை, வேல்ஸ்காரர். 1874 ஜூலை 30 அன்று வட வேல்ஸில் சர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். எல்லையோர ஊர், கொஞ்சம் வேகமாக நடந்தால் இங்கிலாந்துக்குள் போய்விடலாம். நிலக்கரியை நம்பிப் பிழைத்த ஊர். மெரிடித் 12 வயதில் பிளாக் பார்க் சுரங்கத்தில் இறங்கினார். அங்கே தள்ளுவண்டிகளை இழுக்கச் சின்னக் குதிரைகள் இருக்கும். இருட்டில் அவற்றை ஓட்டுவது பையன்களின் வேலை.

சர்க்கில் இன்னொரு அதிசயமும் இருந்தது. டி. இ. தாமஸ் என்று ஒரு பள்ளி ஆசிரியர். கால்பந்துப் பைத்தியம். அவரிடம் படித்த பையன்களில் பலர் வேல்ஸ் நாட்டு அணிக்கே ஆடினார்கள். மெரிடித் சர்க் அணியில் ஆடி, 1894-இல் வேல்ஸ் கோப்பையை வென்றார். அந்த வருடமே மான்செஸ்டர் சிட்டியின் ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள்.

அம்மாவுக்குச் சம்மதமில்லை. கடுமையான மெதடிஸ்ட் குடும்பம், அதாவது மதுவை ஒதுக்கும் கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவு. பந்து உதைத்துக் காசு வாங்குவது ஒரு பிழைப்பா என்பது ஒரு பக்கம், பெரிய ஊர்க்காரர்கள் கிராமத்துக்கு வந்து நம் பிள்ளையை ஓட்டிக்கொண்டு போகிறார்களே என்ற கோபம் இன்னொரு பக்கம். கூட்டிப்போக வந்தவரை ஊர்க்காரர்கள் குளத்தில் தள்ளினார்கள் என்று ஒரு கதை இன்றைக்கும் சொல்வார்கள். கடைசியில் ஒரு சமரசம். பில்லி சிட்டிக்கு ஆடுவார், ஆனால் சம்பளம் வாங்கமாட்டார், சுரங்க வேலையையும் விடமாட்டார்.

அதன்படி முதல் ஆட்டம் எப்படி நடந்தது என்று பாருங்கள். 1894 அக்டோபர் 27, நியூகாசிலில். இது மெரிடித் பிற்காலத்தில் தானே சொன்ன கணக்கு: நடுநிசி தாண்டி 2 மணிக்குக் கிளம்பினார். ரயில் மாறி மாறி காலை 11 மணிக்கு நியூகாசில் போய்ச் சேர்ந்தார். ஆடினார். 5-4 என்று தோற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து, அன்று இரவே சுரங்கத்துக்குப் போனார். இன்றைக்கு மூன்று நாளுக்குள் இரண்டு ஆட்டம் என்றால் கால் களைத்துவிடுகிறது என்று புலம்புகிறார்கள். புலம்பட்டும், தப்பில்லை. ஆனால் யாரும் அவர்களைத் திரும்பக் குழிக்குள் இறக்குவதில்லை.

ஒரு வாரம் கழித்துச் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். எதிரி நியூட்டன் ஹீத். சிட்டி 5-2 என்று தோற்றது, அந்த இரண்டு கோலும் மெரிடித் அடித்தவை. நியூட்டன் ஹீத் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். 1902-இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். புதுப் பெயர் மான்செஸ்டர் யுனைடெட்.

1895 ஜனவரியில் மெரிடித் சம்பளக்காரர் ஆனார். அடுத்த பத்து வருடம் அவர்தான் சிட்டி. 1898-99 பருவத்தில் ஓரத்தில் நின்றுகொண்டே 29 கோல் அடித்து அணியை முதல் பிரிவுக்கு ஏற்றினார். 1904 ஏப்ரல் 23 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் எஃப்.ஏ. கோப்பை, அதாவது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பைக்கான இறுதி ஆட்டம், போல்ட்டன் வாண்டரர்ஸுக்கு எதிராக. அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ஒரே கோல், அதை அடித்தவர் கேப்டன் மெரிடித். ஆஃப்சைடு, கோல் செல்லாது என்று போல்ட்டன்காரர்கள் கத்தினார்கள். நடுவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மான்செஸ்டர் ஊருக்கு வந்த முதல் பெரிய கோப்பை அதுதான்.

அவருடைய ஆட்டம் எப்படிப்பட்டது என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அன்றைய ஆஃப்சைடு விதி இன்றைய விதி அல்ல. முன்னால் பந்து கொடுக்கும்போது, வாங்குகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஃப்சைடு. அது இரண்டு பேராகக் குறைந்தது 1925-இல்தான். மூன்று பேர் என்றால் நடுவழியாக முன்னேறுவது பெரிய கஷ்டம். ஒரு பின்னாட்டக்காரர் இரண்டடி முன்னால் நகர்ந்தாலே ஃபார்வர்டு எல்லாரும் ஆஃப்சைடு. அப்புறம் வழி? கோட்டோரமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு கோல் கோடு வரைக்கும் போய்விட வேண்டும். அங்கிருந்து உள்ளே திருப்பி அடித்தால் பந்து பின்னால் போகிறது. பின்னால் போகிற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்து ரைட் அவுட்டுக்கும் லெஃப்ட் அவுட்டுக்கும் அத்தனை மதிப்பு.

மெரிடித் அந்தக் கோட்டை விட்டு நகரமாட்டார். கார்னர் கொடி வரைக்கும் பந்தைக் கொண்டுபோவார். பந்து வெளியே போகப்போகிறது, முடிந்தது என்று எல்லாரும் நிற்கும் நேரத்தில் ஒரே சுழற்று, பந்து கோலுக்கு முன்னால் வந்து விழும். குதிகாலால் பின்னுக்குத் தட்டிவிடுவதும் அவருக்குக் கைவந்த கலை. அப்போதைய பந்து கனத்த தோல் பந்து, நாடா வைத்துக் கட்டியது. மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து ஊறிப்போய்க் கிடக்கும். தோளால் இடித்துத் தள்ளுவது அன்று தப்பாட்டமே இல்லை. அந்தச் சேற்றில், அந்தப் பந்தோடு, வாயில் குச்சியோடு அவர் ஓடியதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி சம்பளக் கதை. என்னைக் கேட்டால் மெரிடித்தின் கதையே இங்கேதான் இருக்கிறது.

1901-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் ஒரு விதி அமலுக்கு வந்தது. எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது. புதிதாகச் சேரும்போது கையில் தருவது 10 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. அன்றைய ஒரு பவுண்டு என்பது ஒரு தங்க நாணயம், எடை கிட்டத்தட்ட 8 கிராம். நம் நகைக்கடைகளில் எட்டு கிராமை ஒரு பவுன் என்கிறோமே, அது இந்த நாணயம்தான். ஆக, வாரம் 4 பவுன். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் கண்ணுக்கு அது கொழுத்த சம்பளம்தான். ஆனால் கணக்கை மறுபக்கம் பாருங்கள். 1905-இல் ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரரை வாங்க மிடில்ஸ்பரோ கிளப் சண்டர்லாந்து கிளப்புக்குக் கொடுத்த விலை 1,000 பவுண்டு. ஆயிரமும் கிளப்புக்குப் போகும், ஆடுகிறவருக்கு அதே நாலு. ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய கிளப் விடுவிக்காமல் அவர் வேறு கிளப்பில் ஆட முடியாது. மாட்டுச் சந்தை என்று நான் சொன்னால் நிகழ்ச்சி நடத்துனர் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை.

பெரிய கிளப்புகள் இந்த விதியை மதித்தனவா? மேசைக்கு மேலே நாலு, மேசைக்கு அடியில் மீதி. சிட்டியில் மெரிடித்துக்கு வாரம் 6 பவுண்டு வந்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

1905 ஏப்ரல் 29. பருவத்தின் கடைசி ஆட்டம். சிட்டிக்கு லீக் பட்டம் வெல்ல இன்னும் வாய்ப்பு இருந்தது, ஆஸ்டன் வில்லாவை அவர்கள் ஊரிலேயே தோற்கடிக்க வேண்டும். 3-2 என்று தோற்றார்கள். ஆட்டத்தில் அடிதடி. சிட்டியின் சாண்டி டர்ன்புல்லும் வில்லாவின் கேப்டன் அலெக் லீக்கும் கைகலந்தார்கள். அவர் பெயரே லீக். லீக் போட்டியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அடிதடியை விசாரிக்கத்தான் சங்கம் ஆள் அனுப்பியது. விசாரித்த இடத்தில் வேறு பூதம் கிளம்பியது. விட்டுக்கொடுத்தால் 10 பவுண்டு தருகிறேன் என்று மெரிடித் சொன்னார் என்றார் லீக்.

மெரிடித் மறுத்தார். விளையாட்டாகப் பேசியது, வாழ்த்துச் சொன்னேன், என்னவெல்லாமோ சொன்னார். சங்கம் நம்பவில்லை. அடுத்த பருவம் முழுவதும் ஆடத் தடை. மைதானத்துக்குள்ளேயே நுழையக்கூடாது.

அவர் குற்றமற்றவர் என்று நான் வாதாட வரவில்லை. பணம் பேசியதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார், மேலாளர் டாம் மேலிக்குத் தெரிந்துதான் நடந்தது என்றும் சொன்னார். மேலி அதை மறுத்தார். மெரிடித்தைத் தியாகியாக்கி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாண்ட வேண்டாம். நல்ல ஆட்டக்காரர், நியாயத்துக்குப் போராடியவர், எதிரணி கேப்டனிடம் லஞ்சம் பேசியவர். மூன்றும் ஒரே ஆள்தான்.

தடைக் காலத்தில் நடந்ததுதான் வேடிக்கை. சம்பளம் இல்லை. அணிக்காகத்தானே செய்தேன், என் வீட்டை யார் பார்ப்பது என்று கிளப் வாசலில் போய் நின்றார். முதலில் ஏதோ சமாதானம் சொன்னார்கள். நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் கிளப்பே அவர் மேல் சங்கத்திடம் புகார் செய்தது, இந்த ஆள் எங்களிடம் பணம் கேட்கிறார் என்று! மெரிடித்துக்கு வந்த கோபத்தில் மேசைக்கு அடியில் இருந்ததையெல்லாம் எடுத்து மேலே வைத்துவிட்டார். யார் யாருக்கு எவ்வளவு கிடைத்தது, விதியை எப்படி மீறினார்கள், எல்லாம்.

1906-இல் தீர்ப்பு. சிட்டியின் 17 ஆட்டக்காரர்களுக்கு 1907 ஜனவரி 1 வரை தடை, அபராதம், இனிமேல் சிட்டிக்கு ஆடவே கூடாது. மேலாளர் மேலிக்கு இங்கிலாந்துக் கால்பந்திலிருந்தே நிரந்தர வெளியேற்றம். கோப்பை வென்ற அணி ஒரே நாளில் காலி. புதுப் பருவம் தொடங்கிய வாரத்திலேயே சிட்டி எவர்ட்டனிடம் 9-1 என்று தோற்றது.

அந்த ஆட்டக்காரர்களை வாங்க, மான்செஸ்டர் குயின்ஸ் ஹோட்டலில் கிளப்புகள் கூடின. ஏறக்குறைய ஏலம். யுனைடெட்டின் மேலாளர் எர்னஸ்ட் மாங்னல் மட்டும் அவசரப்படவில்லை. மெரிடித்தை அவர் முன்பே பிடித்து வைத்திருந்தார். டர்ன்புல், ஜிம்மி பானிஸ்டர், ஹெர்பர்ட் பர்ஜஸ் மூவரையும் அள்ளிக்கொண்டார். 1907 புத்தாண்டு நாளில் தடை முடிந்தது. அன்றைக்கே யுனைடெட்டுக்கு ஆட்டம், எதிரி அதே ஆஸ்டன் வில்லா. வலது ஓரத்திலிருந்து மெரிடித் பந்தை உள்ளே அனுப்பினார், டர்ன்புல் கோலில் போட்டார். 1-0. சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.

கோப்பைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1908-இல் யுனைடெட்டின் முதல் லீக் பட்டம், 1909-இல் முதல் எஃப்.ஏ. கோப்பை, 1911-இல் மறுபடி லீக். இன்றைக்கு உலகமே தெரிந்துவைத்திருக்கும் ஓல்ட் டிராஃபர்ட் மைதானம் 1910-இல் திறந்தது. அந்த அணியை அப்படி வளர்த்ததில் பெரிய பங்கு, சிட்டி இழந்த அந்த நாலு பேருக்கு.

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது இன்னொரு ஹோட்டலுக்கு. மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டல், 1907 டிசம்பர் 2. மெரிடித் தலைமையில் ஆட்டக்காரர்கள் கூடி ஒரு தொழிற்சங்கம் தொடங்கினார்கள். அதற்குச் சில மாதம் முன்னால் ஒரு சாவு. டாமி பிளாக்ஸ்டாக் என்ற யுனைடெட் வீரர் இரண்டாம் அணிக்கான ஆட்டத்தில் பந்தைத் தலையால் முட்டினார், சுருண்டு விழுந்தார், இறந்துபோனார். குடும்பத்துக்கு நஷ்டஈடாக எதுவும் கிடைக்கவில்லை. 12 வயதிலிருந்து சுரங்கத்தைப் பார்த்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? வேலையில் அடிபட்டால் என்ன கிடைக்கும், செத்தால் வீட்டுக்கு என்ன போகும் என்பது சுரங்க ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் பேசுகிற பேச்சு. பந்து உதைப்பதும் ஒரு வேலை, உதைக்கிறவன் தொழிலாளி. மெரிடித் பத்திரிகைகளில் எழுதியதும் இதைத்தான்.

கால்பந்துச் சங்கத்தின் பெரியவர்களுக்கு இந்தத் தொழிற்சங்கம் பிடிக்கவில்லை. முதலில் பொறுத்துக்கொண்டார்கள். ஆட்டக்காரர்கள் பொதுத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு சேரப் போகிறார்கள், வேலைநிறுத்தம் கூட வரலாம் என்றதும் பதறிவிட்டார்கள். 1909 ஜூலை 1-க்குள் தொழிற்சங்கத்தை விட்டு விலக வேண்டும், விலகாதவர்களுக்கு இடமில்லை என்று உத்தரவு போட்டார்கள். எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டு விலகினார்கள். குடும்பம் இருக்கிறது, யாரைக் குறை சொல்ல? யுனைடெட் ஆட்டக்காரர்கள் மட்டும் அசையவில்லை. கோப்பை வென்று மூன்று மாதம் கூட ஆகவில்லை, அத்தனை பேருக்கும் தடை, சம்பளமும் நின்றது. சொந்த மைதானத்தை விட்டு ஃபாலோஃபீல்டு என்ற இடத்தில் பயிற்சி செய்தார்கள். அங்கே எடுத்த படம் ஒன்று இருக்கிறது. கேப்டன் சார்லி ராபர்ட்ஸ் ஒரு பலகையை முன்னால் வைக்கச் சொன்னார். அதில் எழுதியிருந்தது: 'ஒதுக்கப்பட்டோர் கால்பந்து கிளப், 1909'. எவர்ட்டனிலிருந்து டிம் கோல்மன் என்பவர் தனி ஆளாக வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்த ஒரு ஆளின் வருகை நிறைய பேரைத் திரும்ப இழுத்தது.

பருவம் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, ஆகஸ்ட் 31 அன்று சமரசம். தொழிற்சங்கம் இருக்கலாம், பொதுக் கூட்டமைப்போடு சேரக்கூடாது. சம்பள உச்சவரம்பு அப்படியே. மெரிடித்துக்கு இது கசந்தது. இவ்வளவு தூரம் வந்து, பாதியில் கையை விரித்துவிட்டோமே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. ஆனாலும் அன்றைக்கு உயிர் பிழைத்த அந்தத் தொழிற்சங்கம்தான் இன்றைக்கும் இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் சங்கம்.

இப்போது, முன்னால் மனத்தில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி. போர் நடக்கிறது. பருவம் முடிந்ததும் லீக்கையே நிறுத்தப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஓல்ட் டிராஃபர்டில் யுனைடெட்டும் லிவர்பூலும் ஆடுகின்றன. யுனைடெட் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் நிலைமை. 2-0 என்று யுனைடெட் வென்றது. சரியாக 2-0 என்று பந்தயம் கட்டியவர்களுக்கு நல்ல லாபம். நடுவில் ஒரு பெனால்டி கோலுக்கு எங்கேயோ போனது. பார்த்தவர்களுக்கே சந்தேகம். விசாரணையில் தெரிந்தது, இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்கள் சிலர் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். ஏழு பேருக்கு ஆயுள் தடை. அதில் ஒருவர் நம் சாண்டி டர்ன்புல், அன்று அவர் ஆடக்கூட இல்லை.

மெரிடித் அன்று ஆடினார். வயது 40. வலது ஓரத்தில் கோட்டோரமாய் நின்றார். நின்றார் என்றால் நிஜமாகவே நின்றார். அவருக்கு யாரும் பந்து கொடுக்கவில்லை. கையைக் காட்டுகிறார், கூப்பிடுகிறார், பந்து இன்னொரு பக்கம் போகிறது. அவருக்குக் கொடுத்தால் அவர் கோலுக்குக் கொண்டுபோய்விடுவார், மூன்றாவது கோல் விழுந்துவிடும், கணக்குக் கெட்டுவிடும். அன்றைக்கே தனக்குச் சந்தேகம் வந்தது என்று அவர் விசாரணையில் சொன்னார். பத்து வருடத்துக்கு முன்னால் 10 பவுண்டு பேசியவர். அந்த ஆளிடம் இந்தப் பேரத்தைச் சொல்லவே ஒருவருக்கும் தோன்றவில்லை, அல்லது சொல்லத் தைரியம் வரவில்லை. எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்த காட்சி இதுதான்: குச்சியை மென்றுகொண்டு, வராத பந்துக்காகக் காத்திருக்கும் ரைட் அவுட்.

டர்ன்புல் போருக்குப் போனார். 1917-இல் பிரான்ஸில், அராஸ் சண்டையில் இறந்தார்.

போர் முடிந்து லீக் திரும்பத் தொடங்கியபோது மெரிடித்துக்கு 45 வயது. பலரும் ஆட்டத்தை விட்டிருந்தார்கள். இவர் விடவில்லை. 1920 மார்ச் 15, லண்டன் ஹைபரி மைதானத்தில் வேல்ஸும் இங்கிலாந்தும். வேல்ஸுக்கு அவர் 1895-இலிருந்து ஆடுகிறார். கிளப்புகள் பாதி நேரம் விடமாட்டார்கள், விட்டபோதெல்லாம் ஓடினார். அந்த 25 வருடத்தில் இங்கிலாந்தை ஒரு தடவை கூட ஜெயித்ததில்லை. வேல்ஸ் கடைசியாக ஜெயித்தது 1882-இல், அப்போது அவர் சின்னப் பையன். அன்று 2-1 என்று வேல்ஸ் வென்றது. ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார் என்பார்கள். அது அவருடைய 48-ஆவது சர்வதேச ஆட்டம். அதற்குப் பிறகு வேல்ஸுக்கு அவர் ஆடவில்லை.

யுனைடெட்டோடும் கடைசியில் தகராறுதான். விஷயம் அதே விஷயம். என்னை விலைபோட்டு விற்காதீர்கள், சும்மா விடுங்கள், எனக்குப் பிடித்த இடத்துக்குப் போகிறேன் என்றார். 1921-இல் விட்டார்கள். நேராக எங்கே போனார்? மான்செஸ்டர் சிட்டிக்கு. வயது 46. இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு எப்போதாவது ஆடுவார் என்பது ஏற்பாடு.

1923-24 கோப்பைப் போட்டியில் திடீரென்று அவரை இறக்கினார்கள். பிரைட்டனுக்கு எதிராக 5-1 வெற்றி, அதில் ஒரு கோல் மெரிடித்துடையது. கால்பந்தாட்டக்காரர் ஓய்வுபெற்று, மளிகைக்கடை வைத்து, அதையும் மகனிடம் ஒப்படைத்திருக்க வேண்டிய வயது! கால் இறுதியில் கார்டிஃப். முதல் ஆட்டம் சமன், சிட்டி மைதானத்தில் எழுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். மறு ஆட்டம் கார்டிஃபில், கூடுதல் நேரத்தில் மெரிடித் ஓரமாய்ப் போய்க் கொடுத்த பந்தை டாமி பிரவல் கோலாக்கினார். அவர் அணியில் அன்று சார்லி பிரிங்கிள் என்று ஓர் இளைஞர் இருந்தார். பிறகு அவர் மெரிடித்தின் மகளைக் கட்டிக்கொண்டார். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே அணியில் ஆடியது வேறு எங்காவது நடந்திருந்தால் எனக்கு எழுதிப் போடுங்கள்.

அரை இறுதி 1924 மார்ச் 29, பர்மிங்ஹாமில். எதிரி நியூகாசில். அவர் இருபது வயதில், ராத்திரி ரயிலேறிப் போய் முதல் ஆட்டம் ஆடினாரே, அதே நியூகாசில். 2-0 என்று சிட்டி தோற்றது. மெரிடித்துக்கு 49 வயது 8 மாதம். அவருக்குப் பந்து அதிகம் வரவில்லை. அதுவே கடைசிப் போட்டி ஆட்டம்.

பிற்பாடு ஓர் ஊமைப்படத்தில் நடித்தார். மான்செஸ்டரில் ஒரு மதுக்கடை நடத்தினார். மெதடிஸ்ட் அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் யுனைடெட்டின் இளம் வீரர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். ஊரே துக்கத்தில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, 83 வயதில் மெரிடித் இறந்தார். அந்த நேரத்தில் ஒரு கிழவரின் சாவு யார் கண்ணில் படும்? சம்பள உச்சவரம்பு 1961-இல் ஒழிந்தது. ஒழித்தது அந்த இம்பீரியல் ஹோட்டல் சங்கத்தின் வாரிசுகள்.

அவரை மான்செஸ்டரின் சதர்ன் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 40 வருடத்துக்கும் மேலாக அந்த இடத்தில் பெயர் பொறித்த கல் கிடையாது. 2001-இல்தான் கல் வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் சங்கமும், வேல்ஸ் கால்பந்துச் சங்கமும், சிட்டியும், யுனைடெட்டும் சேர்ந்து அந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நன்றி. வணக்கம்.